மடியை நம்பின கதை

போன ஆவணியில் கனடாவிலிருந்து மச்சாள் தன் ஒன்பது மாதப் பிள்ளையோடு வந்தாள். ஒரு வான் பிடித்துக்கொண்டு மாமா, மாமி, நான் மூன்று பேரும் கட்டுநாயக்காவுக்குப் போனோம். விடியப்புறம் வெளியே வந்தவளின் தள்ளுவண்டியில் எல்லாப் பெட்டிகளுக்கும் மேலே ஒரு பெரிய பிளாஸ்ரிக் கதிரை இருந்தது. பிள்ளையைக் காரில் கட்டிக் கொண்டுபோகிற கதிரை.

வானுக்குள் அதை வைக்கப் பார்த்தால் பட்டியைக் காணவில்லை. ட்ரைவர் அண்ணா சிரித்தார். "பின்னுக்கு பெல்ற் இருந்ததுதான் தங்கச்சி. சீற் கவர் போடேக்க உள்ளுக்க போயிட்டுது." மாமி கையை நீட்டினா. "இஞ்ச தா பிள்ளையை, நான் மடியில வைச்சிருக்கிறன். உன்னையும் இப்பிடித்தானே கொண்டு திரிஞ்சனாங்கள்."

கதிரை பின்னுக்கு, பெட்டிகளோடு பெட்டியாகப் போனது. பிள்ளை மாமியின் மடியில் நல்ல நித்திரை. மச்சாள் மட்டும் யாழ்ப்பாணம் வரும்வரை கண் மூடவில்லை.

அவளிடம் பிறகு கேட்டேன். "பிளேனில எப்பிடிக் கொண்டு வந்தனி?" "மடியிலதான். ரெண்டு வயசுக்குக் கீழ எண்டா தனிச் சீற் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டினம். கதிரையைப் பெட்டியளோட போட்டுட்டன்."

எனக்கு விசித்திரமாக இருந்தது. ரொறொன்ரோவில் பக்கத்துத் தெருக் கடைக்குக் காரில் போவதென்றாலும் அந்தப் பிள்ளையைக் கதிரையில் கட்டியாக வேண்டும், சட்டம். மணிக்கு 800, 900 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிற விமானத்தில் அதே பிள்ளை அம்மாவின் மடியில் இருக்கலாம், அதுவும் சட்டம். ஏ9 வீதியில் யாரும் எதையும் கேட்கவே மாட்டார்கள். ஒரே பிள்ளை, ஒரே பயணம், மூன்று விதிகள். இது எப்படி வந்தது என்று தேடிப் படித்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. கார்க் கதிரையின் வரலாறு என்று தொடங்கினேன். படிக்கப் படிக்க, அது மடியைப் பற்றி மனிதர்கள் வைத்திருந்த நம்பிக்கையின் வரலாறாக மாறிவிட்டது.

பிள்ளை குழப்படி செய்யாமல் இருக்க ஒரு கதிரை

கார் பிறந்து பல பத்தாண்டுகளுக்கு, அதில் போகிற பிள்ளையின் பாதுகாப்பு என்பது ஒரு பேச்சாகவே இருக்கவில்லை. பெரியவர்களுக்கே பட்டி இல்லாத காலம். பிள்ளை மடியில் இருக்கும், அல்லது பின் இருக்கையில் ஏறி நின்று வேடிக்கை பார்க்கும்.

1930களில் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான கார்க் கதிரைகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவை விபத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிள்ளையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் அதற்கு வெளியே தெரியும், ஓட்டுகிற அப்பாவுக்கும் பிள்ளை கண்ணுக்குள் இருக்கும், அங்கும் இங்கும் ஓடாது. அவ்வளவுதான் நோக்கம். 1940களில் வந்தவை கம்பியும் கன்வஸ் துணியுமாக, முன் இருக்கையின் முதுகில் கொழுவி விடுகிற மாதிரி இருந்தன. சிலவற்றில் பிள்ளை விளையாட ஒரு சின்ன ஸ்ரியறிங்கும் பூட்டியிருந்தார்கள். கார் திடீரென நின்றால் அந்தக் கதிரை பிள்ளையையும் கொண்டு முன்னுக்குப் பறக்கும் என்பது பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

1959இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நீல்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனைப் பட்டியை உருவாக்கினார். இன்றைக்கு எல்லாக் கார்களிலும் இருப்பது அதுதான். வொல்வோ அந்த உரிமத்தை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தத் திறந்து விட்டது. பெரியவர்களுக்கு வழி பிறந்தது. பிள்ளைக்கு அந்தப் பட்டி பொருந்தாது. தோளில் வரவேண்டியது கழுத்தில் வரும், இடுப்பெலும்பில் இருக்கவேண்டியது வயிற்றில் இருக்கும். அப்போ பிள்ளையை என்ன செய்வது?

விண்வெளி வீரர் படுத்திருந்த விதம்

இதற்கு நல்ல பதில் சுவீடனிலிருந்து வந்தது. பேர்ட்டில் அல்ட்மன் மருத்துவராகப் படித்தவர், பின்னாளில் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வீதிப் பாதுகாப்புப் பேராசிரியராக இருந்தவர். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெமினி விண்வெளித் திட்டம் பற்றிய படக்காட்சி ஒன்றை அவர் பார்த்தார். ரொக்கெட் கிளம்பும்போது உண்டாகிற பெரும் விசையைத் தாங்குவதற்காக, விண்வெளி வீரர்கள் முதுகு முழுவதும் ஆசனத்தில் பதியப் படுத்திருந்தார்கள். விசை ஓரிடத்தில் குவியாமல் முதுகு முழுக்கப் பரவிவிடுகிறது.

அல்ட்மன் அதைப் பிள்ளைக்குப் பொருத்திப் பார்த்தார். கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதைத் தாங்குகிற கழுத்து இன்னும் முற்றாத கழுத்து. முன்னோக்கி இருக்கிற பிள்ளையின் உடலைப் பட்டி பிடித்துக்கொண்டாலும், மோதலில் தலை முன்னுக்குப் போகும், முழுப் பாரமும் கழுத்தில் இறங்கும். கதிரையைத் திருப்பி, பிள்ளை காரின் பின்பக்கத்தைப் பார்க்கும்படி வைத்தால்? தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஒன்றாகக் கதிரையின் முதுகில் பதியும். 1964இல் இப்படியான முதல் மாதிரிக் கதிரை வொல்வோ கார் ஒன்றில் வைத்துச் சோதிக்கப்பட்டது. சுவீடனில் இன்றைக்கும் நான்கு வயது வரை பிள்ளைகளைப் பின்னோக்கி வைத்துக் கொண்டுபோவது வழமை.

அமெரிக்காவிலும் 1960களின் இறுதியில் ஃபோர்ட், ஜெனரல் மோட்டோர்ஸ் போன்ற நிறுவனங்கள் பாதுகாப்பை மனதில் வைத்துக் கதிரைகள் செய்யத் தொடங்கின. 1971இல் அரசாங்கம் முதலாவது தரநிர்ணயத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அதில் மோதல் சோதனை இருக்கவில்லை. கதிரையை மோதவைத்துப் பார்த்தபிறகுதான் விற்கலாம் என்ற விதி வர 1981 ஆகிவிட்டது. கதிரைகள் வந்துவிட்டன, ஆனால் வாங்கியவர்கள் கொஞ்சப் பேர். ஏனென்றால் எல்லோரிடமும் இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தது. மடி.

மூன்று சீமெந்து மூடை

இங்கே கொஞ்சம் ஓ.எல். விஞ்ஞானம். பயப்படாதீங்கோ, சின்னக் கணக்குத்தான்.

மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர். அந்த வேகத்தில் போகிற கார் ஒரு மதிலில் மோதி, செக்கனின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். அப்படியானால் அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 140 மீற்றர், அதாவது புவியீர்ப்பைப் போல 14 மடங்கு. 10 கிலோ பிள்ளையைப் பிடித்து நிறுத்த உங்கள் கைகளுக்குத் தேவையான பலம், 140 கிலோ பாரத்தைத் தூக்குகிற பலம். சராசரியாகச் சொல்கிறேன், உச்சக் கணத்தில் இன்னும் கூட. ஒரு சீமெந்து மூடை 50 கிலோ. கிட்டத்தட்ட மூன்று மூடை. அதுவும் எச்சரிக்கை இல்லாமல், கண் இமைக்கிற நேரத்துக்குள், நித்திரையில் தூங்கி விழுகிற ஒருவரின் கையில்.

இதைக் கடுதாசிக் கணக்காக மட்டும் விடாமல் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களின் கைப்பிடி மடிப்பிள்ளையை எவ்வளவுக்குத் தாங்கும் என்று டினேஷ் மோகனும் லோறன்ஸ் ஷ்னைடரும் ஆராய்ந்து 1979இல் வெளியிட்டார்கள். கடுமையான மோதலில் கைகளால் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்பதுதான் முடிவு. இந்த டினேஷ் மோகன் பிறகு இந்தியா திரும்பி, டெல்லி ஐ.ஐ.ரி.யில் பேராசிரியராக இருந்து, தெற்காசியாவில் வீதிப் பாதுகாப்புக்காக மிக அதிகம் பேசியவர்களில் ஒருவரானார். 2021இல் காலமானார்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பெரியவர் பட்டி போடாமல் பிள்ளையை மடியில் வைத்திருந்தால், மோதலில் பெரியவரின் உடலும் முன்னுக்குப் போகும். அவருக்கும் முன்னால் இருக்கிற கடினமான பகுதிக்கும் நடுவில் அகப்படுவது பிள்ளை. "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பட்டியைப் போடுவம்" என்றாலும் அதே கதை, பெரியவரின் பாரம் முழுக்கப் பட்டியோடு சேர்ந்து பிள்ளையின் மேல் விழும். அணைத்துப் பிடித்திருக்கிற ஆளே ஆபத்தாகிற நிலை.

டெனிசி மருத்துவரும் ஒரு திருத்தமும்

இந்த அறிவு சட்டமாவதற்கு ஒரு பிள்ளை வைத்தியர் தேவைப்பட்டார். அமெரிக்காவின் டெனிசி மாநிலத்தில் மேர்ஃப்றீஸ்பறோ என்ற ஊரில் வேலை செய்த றொபேர்ட் சான்டேர்ஸ். தொற்றுநோய்களுக்குத் தடுப்பூசி போட்டுக் காப்பாற்றுகிற பிள்ளைகள் வீதி விபத்தில் சாகிறார்கள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இதுவும் தடுக்கக்கூடிய நோய்தானே என்பது அவருடைய நியாயம். மனைவி பற்றோடு சேர்ந்து சட்டமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசினார்.

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. என் பிள்ளையை எப்படிக் கொண்டுபோவது என்று அரசாங்கம் எனக்குச் சொல்வதா என்றார்கள் சிலர். ஏழைப் பெற்றோர் இந்தக் கதிரைக்கு எங்கே போவார்கள் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் 1977இல் சட்டம் நிறைவேறி, 1978 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் காரில் பாதுகாப்பாகக் கட்டவேண்டும் என்று சொன்ன முதலாவது அமெரிக்க மாநிலம் டெனிசி.

ஆனால் அந்தச் சட்டத்துக்குள் ஒரு ஓட்டை. பெரியவர் கையில் வைத்திருந்தால் கதிரை தேவையில்லை என்று ஒரு திருத்தத்தைச் சேர்த்துத்தான் நிறைவேற்றியிருந்தார்கள். தாயின் அணைப்பைச் சட்டம் தடுக்கலாமா என்ற உணர்ச்சியின் விளைவு அது. சான்டேர்ஸ் அந்தத் திருத்தத்துக்கு 'பிள்ளை நசுக்கும் திருத்தம்' என்று பெயர் வைத்தார். மூன்று வருடம் விடாமல் நின்று, 1981இல் அதை நீக்க வைத்தார். 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இந்தச் சட்டம் வந்துவிட்டது.

பலன் என்ன? கார்களில் சரியாகப் பயன்படுத்தினால் கதிரை ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் மரண ஆபத்தை 71 சதவீதத்தாலும், ஒன்றிலிருந்து நான்கு வயது வரையான பிள்ளைகளின் ஆபத்தை 54 சதவீதத்தாலும் குறைக்கிறது என்று அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டிருக்கிறது. தடுப்பூசியோடு அவர் ஒப்பிட்டது சும்மா இல்லை.

நடுவில் ஒரு சறுக்கலும் நடந்தது. 1990களில் முன் இருக்கைக்கும் காற்றுப்பை வந்தபோது, அது பெரியவர்களைக் காப்பாற்றியது, ஆனால் முன் இருக்கையில் பின்னோக்கி வைத்திருந்த குழந்தைகளைக் கொன்றது. பை விரிகிற வேகம் நேரே கதிரையின் முதுகில், பிள்ளையின் தலைக்குப் பின்னால் அடித்தது. பிள்ளைகள் பின் இருக்கைக்குத்தான் போகவேண்டும் என்ற அறிவுரை அதன் பிறகுதான் ஊன்றியது. பெரியவரின் உடலை மனதில் வைத்துச் செய்த பாதுகாப்பு பிள்ளைக்கும் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பக்கூடாது என்பதற்கு இது இன்னொரு பாடம்.

விமானத்தில் மட்டும் ஏன் இன்னும் மடி?

இப்போ மச்சாளின் பிளேனுக்கு வருவோம்.

1989 ஜூலை 19. டென்வரிலிருந்து சிக்காகோவுக்குப் புறப்பட்ட யுனைற்றட் 232, ஒரு டிசி-10 விமானம். 296 பேர் இருந்தார்கள். வால் பக்கத்து இயந்திரத்தின் விசிறித் தட்டு நடுவானில் உடைந்து சிதறி, விமானத்தைத் திருப்புகிற எல்லா ஹைட்ரோலிக் குழாய்களையும் செயலிழக்கச் செய்தது. கப்டன் அல் ஹேன்ஸும் குழுவினரும் மிச்சம் இருந்த இரண்டு இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தை அயோவா மாநிலத்தின் சூ சிற்றி வரை கொண்டுவந்தார்கள். தரையில் மோதி உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள், 184 பேர் உயிர் தப்பினார்கள். விமான வரலாற்றில் இது ஓட்டிகளின் திறமைக்காகப் பேசப்படுகிற கதை.

அதற்குள் இன்னொரு கதை இருக்கிறது. அந்த விமானத்தில் தனி இருக்கை இல்லாத மடிப் பிள்ளைகள் நான்கு பேர். தலைமைப் பணிப்பெண் ஜான் பிறவுன். அவசரத் தரையிறக்கத்தின்போது மடிப் பிள்ளையை என்ன செய்வது என்று அவர் பயிற்சியில் படித்தது இதுதான்: போர்வை, தலையணையால் சுற்றி, பெற்றோரின் காலடியில் தரையில் கிடத்துங்கள், பெற்றோர் குனிந்து பிடித்துக்கொள்ளட்டும். அதையே ஒலிபெருக்கியில் சொன்னார். அந்தப் பெற்றோரும் அப்படியே செய்தார்கள்.

விமானம் மோதியதும் எந்தக் கையும் தாங்கவில்லை. ஒரு பெண் குழந்தையின் அழுகுரல் கேட்டு, வெளியே தப்பிவந்த பயணி ஒருவர் திரும்பப் புகைக்குள் போய் எடுத்துவந்தார். இரண்டு வயது நிரம்பாத ஒரு ஆண் குழந்தை இறந்துபோனது. பிள்ளையைத் தேடி எரிகிற விமானத்துக்குள் மீண்டும் போக முயன்ற தாயை வழியில் நிறுத்தியது ஜான் பிறவுன். நீங்கள் சொன்னபடிதானே செய்தேன் என்று அந்தத் தாய் அவரைப் பார்த்துக் கேட்டார்.

ஜான் பிறவுனால் அந்தக் கேள்வியைக் கடக்க முடியவில்லை. அதன் பிறகு பல பத்தாண்டுகள், காங்கிரஸ் விசாரணைகளிலும் ஊடகங்களிலும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக்கூட உள்ளே வைக்கச் சொல்கிறோம், கோப்பிப் பாத்திரத்தைக்கூடப் பூட்டி வைக்கிறோம். கட்டாமல் விடுவது பிள்ளையை மட்டும்தான்.

அமெரிக்காவில் விபத்துகளை விசாரிப்பது தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை. விதி போடுகிற அதிகாரம் அதனிடம் இல்லை, அது கூட்டாட்சி விமான நிர்வாகத்திடம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் பிரச்சினை. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் தனி இருக்கையும் பாதுகாப்புக் கதிரையும் கட்டாயமாக்குங்கள் என்று 1990இல் விசாரணைச் சபை கேட்டது. 1994இல் சார்லற் நகரில் இன்னொரு விபத்து, தாய் தப்பினார், மடியிலிருந்த ஒன்பது மாதக் குழந்தை இறந்தது. சபை மீண்டும் கேட்டது. நிர்வாகம் வருடக்கணக்காக யோசித்து, 2005இல் கட்டாயமாக்குவதில்லை என்று முடிவெடுத்தது.

ஒரு சங்கடமான கணக்கு

ஏன்? விமான நிறுவனங்களின் பணத்தாசை என்று எழுதிவிட்டுப் போகலாம், வாசிக்கச் சுகமாகவும் இருக்கும். ஆனால் நிர்வாகம் சொன்ன காரணம் அவ்வளவு லேசில் தள்ளிவிடக்கூடியது இல்லை.

அவர்களின் வாதம் இது. மடிப் பிள்ளைக்கும் ரிக்கெற் வாங்கவேண்டும் என்றால் பயணச் செலவு கூடும். சில குடும்பங்கள் பிளேனை விட்டுவிட்டு அதே தூரத்தைக் காரில் போகும். ஒரே தூரத்துக்குக் காரில் போவது விமானத்தில் போவதைவிடப் பல மடங்கு ஆபத்து. ஆகவே வானத்தில் ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய், வீதியில் அதைவிட அதிகம் பிள்ளைகளை இழப்போம்.

2003இல் பிள்ளை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் தோமஸ் நியூமன் தலைமையிலான குழு இதைக் கணக்குப் போட்டது. கட்டாயக் கதிரையால் அமெரிக்காவில் வருடத்துக்குச் சராசரியாகக் காப்பாற்றக்கூடியது 0.4 உயிர். இரண்டரை வருடத்துக்கு ஒரு பிள்ளை. இந்தக் குடும்பங்களில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் காருக்கு மாறினாலே அந்த நன்மை இல்லாமல் போய்விடும் என்றார்கள்.

இதை வாசித்தபோது எனக்குக் கோபமும் வந்தது, மறுக்கவும் முடியவில்லை. கணக்கு பிழை இல்லை. ஆனால் அது ஒன்றைத் தந்ததாக எடுத்துக்கொள்கிறது: பிள்ளையின் இருக்கைக்கான காசைக் குடும்பம்தான் கட்டவேண்டும் என்பதை. அதை மாற்றினால் கணக்கும் மாறும். பிள்ளைக்குக் கழிவு விலையில் இருக்கை கொடுத்தால், காலியாக இருக்கிற இருக்கையைக் கைக்குழந்தையோடு வருபவருக்கு முதலில் கொடுத்தால், எத்தனை பேர் காருக்கு மாறுவார்கள்? புள்ளிவிபரத்தில் 0.4 என்று எழுதுவது வாழ்க்கையில் ஒரு முழுப் பிள்ளை. ஜான் பிறவுன் கணக்குக்குப் பதில் சொல்லவில்லை, அந்தத் தாய்க்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பேசியது வேறு வேறு மொழி.

வேறு நாடுகள் நடு வழி ஒன்றைப் பிடித்தன. பிரித்தானியா போன்ற இடங்களில் மடிப் பிள்ளைக்கு ஒரு சின்னப் பட்டி தருவார்கள், அது பெரியவரின் பட்டியில் கொழுவப்படும். லண்டனிலிருந்து வருகிற உறவுகளிடம் கேளுங்கள், தெரிந்திருக்கும். விமானம் குலுங்கும்போது பிள்ளை பறந்துபோகாமல் அது பிடிக்கும். ஆனால் பெரிய மோதலில் வயிற்றை நசுக்கும் என்று சொல்லி அமெரிக்கா அதை அனுமதிப்பதில்லை. எதைத் தெரிந்தாலும் ஒரு குறை மிச்சம்.

2024 ஜனவரி 5ஆம் திகதி போர்ட்லன்டிலிருந்து புறப்பட்ட அலாஸ்கா எயார்லைன்ஸ் விமானத்தின் பக்கத்துக் கதவடைப்பு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அந்த விமானத்திலும் மூன்று மடிக் குழந்தைகள். நல்ல காலம், அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் அவர்கள் இருக்கவில்லை. யாரும் சாகவில்லை. 1990இல் கேட்ட அதே கேள்வி மறுபடியும் மேசைக்கு வந்திருக்கிறது.

எங்கட வீதி

அப்போ ஏ9 வீதியில் நடந்தது என்ன? அமெரிக்க நிர்வாகத்தின் வாதத்தில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது: முழுப் பயணத்திலும் ஆபத்துக் கூடிய பகுதி வானம் இல்லை, வீதி. மச்சாளின் பிள்ளை உலகத்தைச் சுற்றி வந்ததில் மிக ஆபத்தான எட்டு மணித்தியாலம், கட்டுநாயக்காவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில், இரவு முழுக்க நித்திரை இல்லாத ஒரு ட்ரைவரின் வானில், மாமியின் மடியில் கழிந்த நேரம்தான். வரவேற்கப் போன நாங்கள் எல்லோரும் "அப்பாடா, பிளேனால இறங்கியாச்சு, இனிப் பயமில்லை" என்று நினைத்த நேரமும் அதுதான்.

இலங்கையில் முன் இருக்கையில் இருப்பவர்களுக்கு ஆசனப்பட்டி கட்டாயமானது 2011இல். பின் இருக்கை என்றால் பட்டி போடுகிற பழக்கம் எங்களுக்கு இன்னும் வரவில்லை. அதற்கும் மேலே, இங்கே அதிகமான பிள்ளைகள் காரிலேயே போவதில்லை. மோட்டார் சைக்கிளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில், ஓட்டோவில் மடியில், பஸ்ஸில் தோளில். கார்க் கதிரையைப் பற்றி எழுதுகிற இந்தக் கட்டுரை அவர்களுக்கு என்ன சொல்லும் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். வசதி உள்ளவனுக்கு மட்டும் புத்தி சொல்கிற எழுத்து எனக்கு வேண்டாம். சுவீடன் பிள்ளையின் கதிரையைக் கொண்டுவந்து ஓட்டோவில் கட்ட முடியாது.

ஆனால் ஒன்று செய்யலாம். டெனிசியில் ஏழைகள் எங்கே போவார்கள் என்று கேட்டார்களே, அதற்கும் ஒரு பதில் வந்தது. 1980களில் அமெரிக்காவின் பல ஊர்களில் ஆஸ்பத்திரிகளும் சமூக அமைப்புகளும் கதிரைகளை வாங்கி வைத்து, பிள்ளை பிறந்தவர்களுக்கு இரவல் கொடுத்தன. பிள்ளை வளர்ந்ததும் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பிள்ளைக்கு. எங்கட ஊர்களில் வெளிநாட்டுச் சொந்தங்கள் கொண்டுவந்து விட்டுப்போன கதிரைகள் எத்தனை வீட்டு ஸ்ரோர் அறைகளில் கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். விபத்தில் அடிபடாத, காலாவதித் திகதி முடியாத கதிரைகளைச் சேர்த்து, வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ வைத்து இரவல் கொடுப்பது பெரிய வேலையா? விமான நிலையத்துக்கு வான் பிடிக்கும்போது "ஏ.சி. இருக்கா?" என்று கேட்கிற நாங்கள் "பின்னுக்கு பெல்ற் இருக்கா?" என்றும் சேர்த்துக் கேட்கலாம். நாலு பேர் கேட்டால் அந்தச் சீற் கவருக்குள் புதைந்த பட்டி வெளியே வரும்.

மாமியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மடியில் நானும் நித்திரை கொண்டிருக்கிறேன். மடி பிள்ளைக்கு நித்திரை தரும், சூடு தரும், பயம் போக்கும். 140 கிலோவை மட்டும் அதால் பிடிக்க முடியாது. அன்பில் குறை இருப்பதால் அல்ல, கை என்பது எலும்பும் தசையும் என்பதால்.

மச்சாள் திரும்பிப் போகிற நாளில் வேறு ஒரு வான் பிடித்தோம். முதல்நாளே நான் போய் பின் சீற்றின் கவரைக் கழற்றிப் பட்டியை வெளியில் எடுத்து வைத்தேன். கதிரையைப் பின்னோக்கித் திருப்பிக் கட்டினோம். மாமி பக்கத்தில் இருந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டா. கிளிநொச்சி தாண்டும்வரை "பாவம் பிள்ளை, கட்டிப் போட்டிட்டியள்" என்று சொல்லிக்கொண்டே வந்தா. வவுனியாவுக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்து ட்ரைவர் சடாரென்று பிறேக் அடித்தார். எங்கள் எல்லோருடைய தலையும் முன்னால் போய் வந்தது. மாமியின் கை பிள்ளையிடமிருந்து கழன்று முன் சீற்றில் போய் அடித்தது.

பிள்ளை எழும்பவே இல்லை. மாமி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் பக்கத்துப் பட்டி எங்கே என்று தேடத் தொடங்கினா.